மோடம், நெட்வொர்க் கம்பெனிப் பங்கு வாங்குகிறீர்களா? விற்பனைக் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள்

5ஜி, ஃபைபர், டேட்டா சென்டர் என்று பேச்சு சூடு பிடித்தாலே, ரௌட்டரும் மோடமும் செய்யும் கம்பெனிகளின் பங்கை உடனே வாங்கச் சொல்லும் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் காட்டுவது ஒரே எண்ணைத்தான்: போன காலாண்டைவிட விற்பனை எவ்வளவு கூடியது. இந்தத் தொழிலில் முதலீட்டாளர்கள் பலமுறை ஏமாந்தது அந்த எண்ணில்தான்.

அமெரிக்காவில் 1997-இல் நடந்ததைப் பாருங்கள். தொலைபேசி லைன் வழியாக இணையம் தரும் டயல்-அப் மோடத்தில் முன்னணியில் இருந்த யு.எஸ். ரோபாட்டிக்ஸை, நெட்வொர்க் கருவிகள் செய்த த்ரீகாம் கம்பெனி சுமார் 660 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக பிப்ரவரியில் அறிவித்தது. ஜூனில் இணைப்பு முடிந்தது. மார்ச்சோடு முடிந்த காலாண்டில் யு.எஸ். ரோபாட்டிக்ஸின் விற்பனை சுமார் 69 கோடி டாலர். அடுத்து வந்த ஏப்ரல், மே இரண்டு மாதமும் சேர்த்து சுமார் 1.5 கோடி! இரு கம்பெனிகளின் நிதியாண்டும் வேறு வேறு என்பதால், இந்த இரண்டு மாதம் கணக்குகளுக்கு நடுவே விழுந்துவிட்டது. தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

தேவைக்கு மேல் மோடத்தை டிஸ்ட்ரிபியூட்டர்களின் கிடங்கில் திணித்து, அதையே விற்பனை என்று காட்டினார்கள் என்பது பங்குதாரர்கள் தொடுத்த வழக்கு. 2000-இல் த்ரீகாம் 25.9 கோடி டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது.

மோடம் வியாபாரத்தில் இந்தத் திணிப்பு ஏன் இவ்வளவு ஆபத்து? டிஸ்ட்ரிபியூட்டரோடு போடும் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இரண்டு ஷரத்துகள் இருக்கும். விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பலாம். கம்பெனி விலையைக் குறைத்தால், கையிருப்புக்கும் சேர்த்து வித்தியாசத்தைக் கம்பெனியே ஈடுகட்ட வேண்டும். அப்போது 56கே (நொடிக்கு 56 கிலோபிட்) வேகத்துக்கு எக்ஸ்2, கே56ஃப்ளெக்ஸ் என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு முறைகள் மோதிக்கொண்டிருந்தன. வீட்டு மோடமும் இணையச் சேவை நிறுவனத்தின் கருவியும் ஒரே முறையில் இல்லாவிட்டால் அந்த வேகம் கிடைக்காது. வி.90 என்ற பொதுத் தரம் 1998-இல்தான் வந்தது. அதுவரை காத்திருக்கலாம் என்று வாங்குபவர்கள் தள்ளிப்போட, கிடங்கில் இருந்த சரக்கு தேங்கியது. இன்று வைஃபை தலைமுறை மாறும் ஒவ்வொரு முறையும் இதே ஆபத்து உண்டு.

தொலைத்தொடர்புக் கருவிகள் செய்த அமெரிக்கக் கம்பெனி லூசென்ட் வேறு வழியில் போனது. சரக்கை வாங்கப் பணம் இல்லாத புதிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அதுவே கடன் கொடுத்து, அதுவே விற்றது. அப்படிக் கடன் வாங்கிய வின்ஸ்டார் 2001 ஏப்ரலில் திவாலானது. லூசென்ட் 2000 நிதியாண்டில் சுமார் 115 கோடி டாலர் வருவாயை முறையற்றுக் கணக்கில் சேர்த்ததாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2004-இல் குற்றம்சாட்டியது, லூசென்ட் 2.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. 1999 டிசம்பரில் 80 டாலரைத் தாண்டிய அந்தப் பங்கு 2002-இல் ஒரு டாலருக்கும் கீழே போயிருந்தது.

மோசடி இல்லாமலும் பணம் போகும். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ 2001-இல் தேவையை அதிகமாகக் கணித்து, சுமார் 225 கோடி டாலர் சரக்கை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2000-இன் உச்ச விலையில் சிஸ்கோ பங்கை வாங்கியவர்களுக்கு 20 ஆண்டு கழித்தும் அந்த விலை திரும்பவில்லை.

அதனால் விற்பனை வரியைப் பார்த்ததும் பேலன்ஸ் ஷீட்டில் வரவேண்டிய பாக்கியைப் பாருங்கள். அதைக் காலாண்டு விற்பனையால் வகுத்து 90-ஆல் பெருக்கினால், பணம் வர எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும். விற்பனை 600 கோடி, பாக்கி 400 கோடி என்றால் 60 நாள். அடுத்து விற்பனை 700 கோடி, பாக்கியும் 700 கோடி என்றால் 90 நாள். விற்பனை கூடியது 100 கோடி, பாக்கி கூடியதோ 300 கோடி. அந்த இடத்தில் நில்லுங்கள். கையிருப்புச் சரக்கும் விற்பனையைவிட வேகமாக ஏறினால் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும்.

இந்தியக் கம்பெனி என்றால் ஒரு வசதி இருக்கிறது. 2021-22 முதல் ஆண்டறிக்கைக் குறிப்புகளில் பாக்கியின் வயதுப் பட்டியல் கட்டாயம்: ஆறு மாதத்துக்குக் குறைவானது, ஓராண்டு வரை, இரண்டு வரை, மூன்று வரை, அதற்கும் மேல். வழக்கில் கிடக்கும் பாக்கியும், இன்னும் பில் போடாத தொகையும் தனியாகக் காட்டப்பட வேண்டும். வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தரும் ஒற்றை வாடிக்கையாளர் இருந்தால், தொழில் பிரிவுவாரிக் கணக்கைத் தரும் செக்மென்ட் குறிப்பில் அதையும் சொல்லியாக வேண்டும். ஓரிரு பெரிய டெண்டரை நம்பி ஓடும் கம்பெனிகளில் இந்த இரண்டு குறிப்பையும் படிக்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ஆர்டர் முடிந்த அடுத்த ஆண்டே விற்பனை பாதியாகலாம்.

செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு பணப்புழக்க அறிக்கையும் வரும். லாபம் இருந்தும் தொழிலிலிருந்து வரும் பணம் தொடர்ந்து எதிர்மறையாக இருந்தால், அந்தப் பணம் எங்கே மாட்டியிருக்கிறது என்பதற்கு நிர்வாகம் முதலீட்டாளர்களோடு தொலைபேசியில் பேசும் கான்காலில் பதில் தேடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரிடம் எத்தனை வாரச் சரக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு எண் வருகிறதா, வெறும் பேச்சு வருகிறதா என்று கவனியுங்கள்.

டெலிகிராமில் டிப்ஸ் தருபவரிடம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் பதிவு எண் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் ஐஎன்எச், ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்று தொடங்கும். கொடுத்த எண்ணை செபி தளத்தில் தேடி, அதே பெயர் வருகிறதா என்றும் பாருங்கள். அடுத்தவர் எண்ணைத் தன்னுடையது என்று காட்டுபவர்களும் இருக்கிறார்கள்.