உணவு மேசைக்குச் சூப்பர்லெஜ்ஜேராவா, தோனெட் 14-ஆ?

எங்கள் வீட்டில் உணவு மேசையே மாலையில் எழுத்து மேசையும் ஆகிவிடுவதால், நாற்காலிகள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. பிரம்பு இருக்கை கொண்ட மர நாற்காலிகளைத் தேடியபோது இரண்டு மிஞ்சின: மைக்கேல் தோனெட் 1859-இல் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி, மிலான் நகரக் கட்டடக் கலைஞர் ஜோ போந்தி வடிவமைத்து, கசீனா நிறுவனம் 1957-இல் வெளியிட்ட சூப்பர்லெஜ்ஜேரா. நாங்கள் வாங்கியது இரண்டாவதை.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீராவியில் வளைத்த பீச் மரத்தின் வளைவுகளை விரும்புவோருக்குத் தோனெட், நேர்கோடுகளை விரும்புவோருக்குப் போந்தி. விலையில் தோனெட்டே எளிது. உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற நாற்காலி என்பதால் பழையவையும் கிடைக்கின்றன.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது எடைதான். சூப்பர்லெஜ்ஜேராவின் எடை ஏறத்தாழ 1.7 கிலோ. லிகூரியக் கடற்கரையில் உள்ள கியாவரி ஊரில் 1807-இல் டெஸ்கால்சி என்ற தச்சர் உருவாக்கிய மெல்லிய நாற்காலியிலிருந்து தொடங்கிய போந்தி, முதலில் லெஜ்ஜேரா என்ற நாற்காலியைச் செய்து, பிறகு அதையும் இளைக்க வைத்து இந்த வடிவத்தை அடைந்தார். கால்களின் குறுக்குவெட்டு முக்கோணம். அதன் பக்கம் 18 மில்லிமீட்டர்தான். இவ்வளவு ஒல்லியான சட்டம் ஆளைத் தாங்குவதற்கு, நீண்ட நாரும் மீள்தன்மையும் கொண்ட ஆஷ் மரமும், ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும் மூட்டுகளுமே காரணம். பின்கால்கள் இருக்கைக்கு மேல் சற்றே பின்னோக்கித் திரும்புவதால் முதுகுக்கும் இதமாக இருக்கிறது. வயதான என் அம்மா இதை ஒரு கையால் எடுத்து ஜன்னலோரம் வைத்துக்கொள்கிறார். எவரும் நாற்காலியைத் தரையில் இழுப்பதே இல்லை. தினமும் பலமுறை நகரும் நாற்காலிக்கு இதைவிடப் பெரிய தகுதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பழுதுபார்ப்பில் தோனெட் முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகுகள், இரண்டு மரைகள், அவ்வளவுதான் அதன் உடல். ஒரு பாகம் உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்; பிரம்பு அறுந்தால் இருக்கை வளையத்தை மட்டும் பின்னுபவரிடம் அனுப்பலாம். சூப்பர்லெஜ்ஜேராவிலோ, பிரம்பு சட்டத்தின் மீதே சுற்றிப் பின்னப்படுவதால், நாற்காலியை முழுதாகக் கொடுக்க வேண்டும். மூட்டு விட்டுப்போனால் கைதேர்ந்த தச்சரே தேவை. எங்கள் நாற்காலிகளில் பிரம்பு இன்னும் தொய்யவில்லை. ஆகவே பல ஆண்டுப் பராமரிப்புச் செலவைப் பற்றி என் அனுபவத்தால் உறுதி கூற முடியாது. பிரம்பு வேண்டாம் என்போருக்கு மெத்தை இருக்கை வகையும் உண்டு. ஆனால் அந்தப் பின்னலின் ஊடே வெளிச்சம் வருவதையும் சேர்த்துத்தான் இந்த நாற்காலியை எனக்குப் பிடித்திருக்கிறது.

நாற்காலிகள் இடம் மாறாத வீட்டுக்கும், பலர் வந்துபோகும் உணவகத்துக்கும் நான் தோனெட்டையே சொல்வேன். பழையதை வாங்குவோர், பின்காலின் வளைவில் மரம் பிளந்திருக்கிறதா என்றும் திருகுத் துளைகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.