வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தரகருக்கு எவ்வளவு? நான்கு வழிகளும் ஒரு கணக்கும்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வருடத்தில் ஒரு முறை இந்த அழைப்பு வரும்: "டீச்சர், அக்ரிமெண்ட் அடுத்த மாதம் முடிகிறது. வீட்டுக்காரர் தொடர்ந்து தரச் சம்மதித்துவிட்டார். என்னுடைய கொமிஷனை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்." வீடு தேடித் தந்தபோது ஒரு மாத வாடகையை வாங்கியவர், தேடுவதற்கு எதுவும் இல்லாத இந்த முறையும் இன்னொரு மாத வாடகையைக் கேட்கிறார். கேட்டதைக் கொடுப்பது, பேசிக் குறைப்பது, நேரே வீட்டுக்காரரிடம் போவது, புதுத் தாள் எழுதாமல் மாதாமாதம் கட்டிக்கொண்டு இருந்துவிடுவது என்று நான்கு வழிகள் உண்டு. எதை எடுப்பது என்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணத்துக்கு இந்த வருடம் அவர் என்ன வேலை செய்தார்?

புதுப்பிப்புக்குத் தரகு இவ்வளவு என்று விதிக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. வாங்கக்கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை. ஆகவே முதலில் வீட்டுக்கு வந்தபோது தரகர் நீட்டிய தாளில் என்ன இருந்தது என்று எடுத்துப் பாருங்கள். "புதுப்பிக்கும்போதும் தரகு உண்டு" என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருந்தால் அதை மறுப்பது கடினம். பேசிக் குறைக்கத்தான் பார்க்கவேண்டும். அப்படி ஒரு வரி இல்லையென்றால் "வழக்கம்" என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் கேட்கிறார்.

இங்கிலாந்தில் இதே விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் வீட்டு உரிமையாளர்களிடம் தரகு கேட்ட ஃபொக்ஸ்டன்ஸ் என்ற வீட்டுத் தரகு நிறுவனத்தின் ஒப்பந்த வாசகங்கள் நியாயமற்றவை என்று 2009இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்பவரிடம் புதுப்பிப்புக் கட்டணம் வாங்குவதை 2019 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடை செய்தது. நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால் கையெழுத்துக்கு முன் வாசிப்பது ஒன்றுதான் பாதுகாப்பு.

கணக்குக்கு வசதியாக மாத வாடகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதத் தரகு என்றால் உண்மையில் நீங்கள் கட்டும் வாடகை மாதம் 43,333 ரூபாய். வீட்டுக்காரர் ஏற்றாத வாடகையைத் தரகர் ஏற்றிவிடுகிறார்.

அப்படியும் முழுத் தொகையைக் கொடுப்பதில் அர்த்தமுள்ள இடங்கள் இருக்கின்றன. வீட்டுக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார், சாவி தரகரிடம் இருக்கிறது, தென்மேற்குப் பருவமழையில் கூரை ஒழுகினால் ஆள் கூட்டிவந்து தகரம் மாற்றுவதும் அவர்தான் என்றால், அவர் வருடம் முழுவதும் வேலை செய்திருக்கிறார். ஆனால் அது பெரும்பாலும் வீட்டுக்காரருக்காகச் செய்த வேலை. அதற்கான கூலியில் ஒரு பங்கையாவது வீட்டுக்காரர் தரவேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. "வாடகையைப் பேசிக் குறைத்துத் தருகிறேன்" என்று தரகர் சொன்னால் அதையும் கணக்குப் போடுங்கள். பத்து வீத ஏற்றத்தை ஐந்து வீதமாக்கினால் வருடத்துக்கு உங்களுக்கு மிச்சம் 24,000 ரூபாய். அதற்கு 40,000 கொடுப்பது நட்டம்.

பேசிக் குறைப்பதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, அரை மாத வாடகைக்கு முடிப்பது. மற்றது, ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்கு எழுதிக்கொண்டு ஒரு மாதத் தரகை ஒரே முறை கொடுப்பது. கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: மாதத்துக்கு 1,667 ரூபாய். ஆனால் நான் இரண்டாவதையே எடுக்கச் சொல்வேன். வாடகையும் இரண்டு வருடத்துக்கு எழுத்தில் நிற்கும். அடுத்த வருடம் அந்த அழைப்பும் வராது. "ஒரு வருடம் போதுமே, பிறகு பார்ப்போம்" என்று தரகர் வற்புறுத்தினால், ஒவ்வொரு வருடமும் வரும் தரகு அவருக்கு வசதி என்பதை நினைவில் வையுங்கள். இடமாற்றம் வரக்கூடிய ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் மட்டும், இரண்டு மாத முன்னறிவித்தலுடன் வெளியேறலாம் என்ற வரியைக் கட்டாயம் சேர்க்கவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் அரை மாதத் தரகும் ஒரு வருட ஒப்பந்தமும்தான் அவர்களுக்குப் பொருந்தும்.

மூன்றாவது வழி, வீட்டுக்காரரிடமே பேசுவது. வாடகையை நேரே அவர் கையிலோ அவருடைய வங்கிக் கணக்கிலோ செலுத்துபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, "மாத்தயா, நாங்கள் தொடர்ந்து இருக்க விரும்புகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். நேரத்துக்கு வாடகை கட்டும் குடும்பத்தை விட்டுவிட எந்த வீட்டுக்காரருக்கும் எளிதில் மனம் வராது. புதியவரைத் தேடினால் அவருக்கும் தரகுச் செலவு இருக்கிறது. தரகரிடமும் இதை மறைக்கவேண்டாம். சின்ன ஊர், நாளைக்கே இன்னொரு வீடு தேட அவரிடம்தான் போகவேண்டி வரலாம்.

தரகருக்குக் கொடுக்கும் பணத்தைவிட அந்தப் பணத்துக்கு அவர் தரும் தாள்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. பல இடங்களில் "புதுப்பிப்பு" என்று கொடுக்கப்படுவது பழைய ஒப்பந்தத்தில் திகதியை மட்டும் மாற்றித் தட்டச்சுச் செய்த ஒரு பக்கம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு (பத்திரங்களை எழுதிச் சான்றுப்படுத்துபவர்) ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படவேண்டும். அப்படி எழுதாத தாளில் இரண்டு வருடம் என்று போட்டிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் நீங்கள் மாத வாடகைக்கு இருப்பவர்தான். அந்த ஒரு பக்கத்துக்கு 40,000 ரூபாய் கொடுப்பதைவிட, நொத்தாரிசுக் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் வீட்டுக்காரரும் நீங்களும் பகிர்ந்து, உறுதியை (சட்டப்படி செல்லும் பத்திரத்தை) எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவது எவ்வளவோ மேல். பிள்ளையை முதலாம் தரத்துக்குச் சேர்க்கும்போதும் வதிவிடத்தைக் காட்டப் பதிவு செய்த உறுதி உதவும்; தரகரின் தாள் உதவாது.

தோட்டத்து லயன் அறையிலிருந்து முதன்முதலாக டவுனுக்கு வாடகைக்கு வரும் குடும்பங்களை நினைத்தால் இதை இன்னும் அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய தாளில் பயந்து கையெழுத்து வைக்கிறார்கள். கேட்ட தரகைக் கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். தமிழில் உறுதி எழுதும் நொத்தாரிசுகள் மலையகத்திலும் இருக்கிறார்கள். எழுதியதை வாசித்துக் காட்டி விளக்குவது நொத்தாரிசின் கடமை. "ஐயா, எனக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்" என்று கேட்க யாரும் கூச்சப்படவேண்டியதில்லை.

நான்காவது வழி, புதுத் தாளே எழுதாமல் இருந்துவிடுவது. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. சில மாதங்களில் சொந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு ஒரு மாத முன்னறிவித்தலில் வீடு போய்விடலாம். நுவரெலியாவில் இது பெரிய ஆபத்து: ஏப்ரல் சீசனில் உல்லாசப் பயணிகளுக்கு நாள் கணக்கில் அறை விட்டால் கிடைக்கும் வருமானத்தை எந்த மாத வாடகையும் எட்டாது. அங்கே ஒப்பந்தம் மார்ச்சில் முடியாதபடி பார்த்துக்கொள்வது நல்லது. ஓகஸ்ட், செப்டெம்பரில் முடிந்தால் பேரத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கும். நொத்தாரிசு எழுதிய குத்தகை முடிந்தபிறகும் "பேசிக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுவதும் இப்போது சரிவராது. வெளியேறாதவரிடமிருந்து இடத்தை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் உரிமையாளருக்குத் தனி நடைமுறையைக் கொடுத்திருக்கிறது.

தரகு கொடுக்கக்கூடாது என்ற கோபத்தில் வீடு மாறுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. புது வீட்டுக்கும் தரகு, லொறிக் கூலி, புது முற்பணம். பழைய முற்பணம் திரும்பும்வரை கையிலிருந்து இரட்டைச் செலவு.

எந்த வழியில் பணம் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தொகை, திகதி, எந்த வீடு, எந்தக் காலத்துக்கான புதுப்பிப்பு என்பவற்றோடு "அடுத்த புதுப்பிப்புக்குத் தரகு இல்லை" என்ற வரியையும் எழுதச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் அடுத்த வருடமும் கேட்கப்போகிறார் என்று அர்த்தம். அப்படியானால் தொகையை இப்போதே குறைத்துப் பேசுங்கள். பின்னர் தகராறு வந்தால் வழக்குக்குப் போகுமுன் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபையில் முறையிடலாம். அங்கே காட்டுவதற்கு உங்களிடம் இருக்கவேண்டியதும் இந்தச் சீட்டுத்தான்.