ஆர்பிட்ரம், பேஸ், இசட்கே-சிங்க்: அனுப்ப ஒரு நொடி, வெளியே வர சில நேரம் ஒரு வாரம்

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் எனக்கு யுஎஸ்டிசியாகவும் (டாலர் மதிப்பிலேயே நிற்கும் கிரிப்டோ நாணயம்) கொஞ்சம் ஈதராகவும் (எத்தீரியம் என்ற பிளாக்செயினின் நாணயம்) பணம் தருகிறார். அதை எந்த லேயர் 2-வில், அதாவது எத்தீரியத்தின் மேல் மலிவாக ஓடும் எந்தத் துணை வலைப்பின்னலில், வாங்குவது என்று இந்த மூன்றையும் பார்த்துவிட்டு ஆர்பிட்ரமில் உட்கார்ந்தேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

கட்டணத்தில் பேச அதிகமில்லை. 2024 மார்ச்சில் எத்தீரியத்தில் டென்கன் மேம்பாடு வந்தது. ரோலப்கள் (இந்த மூன்றும் அந்த வகை லேயர் 2-கள்தான்) தங்கள் தரவை 'பிளாப்' என்ற மலிவான இடத்தில் போடத் தொடங்கின. அப்புறம் எல்லாமே சில்லறைக் காசுதான். விநாடிக்கு எத்தனை பரிவர்த்தனை என்ற சண்டையும் எனக்கு வேண்டாம். நான் செய்வதே மாதத்துக்கு நாலு.

வேகத்தை நானும் நண்பனும் சிங்கப்பூர் தேக்காவில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே சோதித்தோம். இரண்டு போன்கள், தலா 5 யுஎஸ்டிசி. ஆர்பிட்ரமில் கால் நொடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு), பேஸில் 2 நொடிக்கு ஒன்று. ஆர்பிட்ரம் வைத்திருந்த என் போனில் உடனே வந்துவிட்டது. "ரெண்டு நொடியில என்னடா குடி முழுகிடும்?" என்றான். நியாயம்தான். கடைக்காரருக்கு எப்படியும் பேநவ் என்ற வங்கிப் பரிமாற்றத்தில்தான் கட்டினோம்.

திரையில் தெரிவது சீக்வென்சர் (பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் கணினி) தரும் வாக்குறுதி மட்டுமே. எத்தீரியத்தில் அது மாற்ற முடியாதபடி உறுதியாக, சாதாரணமாக, 13 நிமிடம் போலத் தேவை. சீக்வென்சர் படுத்தால் வேகமும் படுத்துவிடும்: 2023 செப்டம்பரில் பேஸ் நின்றது, டிசம்பரில் ஆர்பிட்ரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. இதில் இரண்டும் ஒரே குட்டைதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது வெளியே வரும் வழி. ஒருமுறை அவசரத்தில் ஈதரை அதிகாரபூர்வ பிரிட்ஜ் (ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்கு நாணயத்தை நகர்த்தும் பாலம்) வழியாக ஆர்பிட்ரமிலிருந்து எத்தீரியத்துக்கு எடுத்தேன். திங்கட்கிழமை அழுத்தியது, அடுத்த திங்கள்தான் கைக்கு வந்தது. ஆர்பிட்ரமும் பேஸும் ஆப்டிமிஸ்டிக் ரோலப்கள்: கணக்கு சரி என்று எடுத்துக்கொண்டு, தப்பென்றால் யாரும் ஆட்சேபிக்க ஏறக்குறைய ஒரு வாரம் விடுவார்கள். ஆர்பிட்ரமில் காத்திருந்த பிறகு எத்தீரியத்தில் ஒரே ஒரு பரிவர்த்தனைக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பேஸில் முதலில் நிரூபிக்க ஒன்று, வாரம் கழித்து முடிக்க இன்னொன்று. எத்தீரியத்தில் கேஸ் (பரிவர்த்தனைக் கட்டணம்) ஏறியிருக்கும் நாளில் இரண்டாவது கையெழுத்து வலிக்கும்.

யுஎஸ்டிசிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்தின் சிசிடிபி என்ற பரிமாற்ற முறை இங்கே எரித்து அங்கே புதிதாக அச்சிடுவதால், வாரக்கணக்கு நிமிடக்கணக்காகிவிடும். ஆனால் வாலட்டில் இருப்பது நேரடி யுஎஸ்டிசியா, பழைய பிரிட்ஜ் வழியாக வந்த யுஎஸ்டிசி.இ-யா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்பிட்ரமில் இரண்டுமே உலவுகின்றன. இரண்டாவதுக்கு இந்த வழி கிடையாது.

இசட்கே-சிங்க் கணக்கு சரி என்பதற்குக் கணித நிரூபணத்தையே கொடுத்துவிடுவதால் ஆட்சேபக் காலம் வேண்டாம். சில மணி நேரத்தில் வெளியே வரலாம். காகிதத்தில் இதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் மூன்றே முறைதான், அதுவும் சின்னத் தொகையாக அனுப்பிப் பார்த்திருக்கிறேன். என் எக்ஸ்சேஞ்ச் ஆர்பிட்ரமிலிருந்து நேரடியாக வாங்கிக்கொள்கிறது, இதிலிருந்து வாங்குவதில்லை. சிங்கப்பூர் வெள்ளியாக மாற்ற நான் அங்கேதான் போயாக வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் பராமரிப்பு என்று சொல்லி அந்த வாசலையும் சில நாள் மூடிவைக்கும். அதனால் ஒன்றாம் தேதி வாடகைக்கு ஈதரைத் தொட வேண்டியிருந்தால், இருபதாம் தேதியே பொத்தானை அழுத்திவிடுகிறேன்.