திரைக்குள் முழுப்படம்: ‘ஃபிட்’ விசையில் எந்த மென்பொருள் தேறுகிறது?

ஆல்பம் ஷீட் திறந்த கையோடு வேலூர் லாங் பஜாரிலிருந்து காட்பாடி வரை எந்த டிசைனரின் விரலும் முதலில் தேடுவது கண்ட்ரோலையும் 0-வையும்தான். படம் முழுசாகத் திரைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இதுதான் ‘ஃபிட்’. இவ்வளவு சின்ன வேலையில் மென்பொருளுக்கு மென்பொருள் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். நிறைய வருகிறது. ஸ்டூடியோக்களில் புழங்கும் ஃபோட்டோஷாப், லைட்ரூம் கிளாசிக், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் ஆகிய மூன்றையும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எடைபோடுவோம். இன்னும் இரண்டு இலவச மென்பொருள்களான டார்க்டேபிளும் கிருட்டாவும் போகிற போக்கில்.

முதலில் கணக்கு. 1920×1080 மானிட்டரில் இரண்டு பக்கப் பேனல், மேலே மெனு எல்லாம் போக, படத்துக்கு மிஞ்சும் இடம் ஏறத்தாழ 1500×900 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தின் அகலத்தைப் படத்தின் அகலத்தாலும், உயரத்தைப் படத்தின் உயரத்தாலும் வகுத்து, இரண்டில் சின்ன எண்ணை எடுப்பதுதான் ஃபிட். 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000×4000 படம் 22.5 சதவீதத்தில் நிற்கும். 12×36 அங்குல ஷீட் 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில், 10800×3600. அது 14 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, மேலும் கீழும் பாதித் திரை காலியாகக் கிடக்கும். 35×45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படமோ 413×531 பிக்சல்தான். அதே ஃபிட் அதை 169 சதவீதத்துக்கு ஊதிவிடும்.

அந்த 169-தான் தொல்லை. ஊதிய படம் மங்கலாகத் தெரியும். மங்கல் என்று நினைத்து, விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனைக் கூட்டினால், அச்சில் மீசை முடி ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைக் கோடு விழும். பெரிய படத்தைச் சுருக்கட்டும், சின்னப் படத்தை அதன் சொந்த அளவிலேயே விடட்டும் என்பதே சரியான நடத்தை. எடிட்டருக்கு வெளியே, இர்ஃபான்வியூ என்ற பழைய படம் பார்க்கும் மென்பொருளில் பெரிய படங்களை மட்டும் பொருத்து என்று தனித் தேர்வே உண்டு. எடிட்டர்கள் கற்றுக்கொண்டிருக்கலாம். ஃபோட்டோஷாப்பில் சின்னப் படத்துக்கு கண்ட்ரோல் 0-வைத் தொடாமல், 100 சதவீதம், அதாவது படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு புள்ளி என்று காட்டும் கண்ட்ரோல் 1-ஐ அழுத்துவதே பாதுகாப்பு.

பெரிய படத்தில் ஏமாற்றம் நேர் எதிர்த்திசையில். 22.5 சதவீதம் என்றால் படத்தின் சுமார் இருபது பிக்சல்கள் திரையின் ஒரே புள்ளியாகிவிடுகின்றன. சராசரி எடுத்தால் நாய்ஸ் (படத்தில் விழும் பொடிப்புள்ளிகள்) அமுங்கத்தானே செய்யும்? கிட்டத்தட்ட நாலரை மடங்கு குறைந்து தெரியும். மண்டபத்து வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்த முகூர்த்தப் படம் ஃபிட்டில் பளிங்கு மாதிரி இருப்பதும், லேப் போய் வந்த ஷீட்டில் மணல் தூவியதுபோல் இருப்பதும் இதனால்தான். ஒரு பிக்சல் ஆரத்தில் கொடுத்த ஷார்ப்பனும் ஃபிட்டில் கண்ணுக்கே படாது. படாததால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிவிடுவார்கள்.

மூன்றாவது, இல்லாததைக் காட்டுவது. குடியாத்தம் லுங்கிக் கட்டம், ஆரணிப் பட்டின் நெருக்கமான ஜரிகை, கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூணின் நுணுக்கச் செதுக்கல், இவையெல்லாம் சுருங்கும்போது திரையின் புள்ளிவரிசையோடு மோதி அலை அலையாகக் கோலம் காட்டலாம். 100 சதவீதத்தில் அலை மறைந்துவிட்டால் அது திரையின் வேலை, படத்தைத் தொடாதீர்கள். 100-லும் இருந்தால் கேமரா சென்சாரிலேயே விழுந்த அலை. அதற்கு ரீடச் வேண்டும். இந்த ஒரு சோதனை தெரியாமல் நல்ல புடவையை பிளர் போட்டுக் கெடுத்த ஷீட்டுகளுக்குக் கணக்கில்லை.

இப்போது ஃபோட்டோஷாப். இதில் ஃபிட் ஒரு கட்டளை. அழுத்திய நொடியில் நடந்து முடிந்துவிடும். அப்புறம் டேப் விசையால் பேனல்களை மறைத்தாலும், படத்தை 90 டிகிரி திருப்பினாலும், கிராப் செய்தாலும், பழைய சதவீதமே நிற்கும். திரும்பவும் கண்ட்ரோல் 0. நிற்கும் படமும் படுக்கும் படமும் கலந்து வரும் கல்யாண வேலையில் இது எரிச்சல்தான். ஃபிட் என்பது ஒரு நிலையாக இருக்க வேண்டும்: ஒருமுறை சொன்னால், நாமே ஜூம் செய்கிறவரை இடம் மாறும்போதெல்லாம் தானே பொருந்திக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் இதைச் செய்யாதது பிடிவாதம் என்றே சொல்லலாம்.

ஆனால் மூன்று விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒன்று, 100 சதவீதத்தில் ரீடச் செய்துகொண்டிருக்கும்போது எச் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸை அழுத்தினால் முழுப்படமும் தெரியும், கூடவே ஒரு செவ்வகம் வரும். அதை வேண்டிய முகத்தின் மேல் நகர்த்தி விட்டால் அங்கேயே பழைய ஜூமில் இறங்கிவிடும். கிராஃபிக்ஸ் பிராசஸர் வசதி ஆன் ஆகியிருந்தால்தான் வேலை செய்யும். வேலை செய்யாவிட்டால் பிரெஃபரன்ஸ், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அந்த டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, சின்ன கேன்வாஸில் பெரிய படத்தை ஒட்டிவிட்டு, அளவு மாற்றும் கண்ட்ரோல் டி கொடுத்தால் பிடிக்கும் முனைகள் திரைக்கு வெளியே போய்விடும். அந்த நேரத்தில் கண்ட்ரோல் 0 அழுத்தினால் கேன்வாஸுக்கு அல்ல, அந்த முனைகள் எல்லாம் தெரிகிற அளவுக்குப் பொருத்தும். ஃப்ளெக்ஸ் போடுகிறவர்களுக்கு வரம். மூன்று, விண்டோ மெனுவின் அரேஞ்ச் பட்டியலில் அதே ஃபைலுக்கு இன்னொரு ஜன்னல் திறக்கலாம். ஒன்று ஃபிட்டில், ஒன்று 100-ல். இங்கே பிரஷ் ஓட்டினால் அங்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சுருங்கிய பார்வைக்கு ஃபோட்டோஷாப் முழுப்படத்தைக் கணக்கிடுவதில்லை, சுருக்கி வைத்த நகல்களிலிருந்து லேயர்களைச் சேர்த்துக் காட்டுகிறது. பொடிப்புள்ளி போட்ட கிரெயின் லேயரை ஓவர்லே என்ற கலப்பு முறையில் வைத்திருந்தால், லேயர்களையெல்லாம் ஒன்றாக்கும் ஃபிளாட்டன் செய்ததும் கான்ட்ராஸ்ட் மாறியதுபோலத் தெரியும். மாறவில்லை, முன்பு பார்த்ததுதான் தோராயம். ஃபிளாட்டனுக்கு முன் 100-ல் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

லைட்ரூம் கிளாசிக் நடத்தையில் முதல் மதிப்பெண். ஃபிட் இங்கே நிலை. ஷிஃப்ட் டேப் அழுத்திப் பேனல்களை மறைத்தால் படம் தானே விரியும், திருப்பினால் தானே பொருந்தும். இசட் விசை ஃபிட்டுக்கும் நெருக்கப் பார்வைக்கும் இடையே மாற்றி மாற்றிப் போகும். வியூ மெனுவில் ஜூம் இடத்தைப் பூட்டி வைத்தால், ஒரே குழுப்படத்தின் பத்து ஷாட்டிலும் மாப்பிள்ளை கண் மூடியிருக்கிறாரா என்று ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே போகலாம். அதைவிட முக்கியம் நேர்மை: ஃபிட்டில் இருக்கும்போது டீட்டெய்ல் பேனலில் சின்ன ஆச்சரியக்குறி காட்டும். இந்த அளவில் ஷார்ப்பனையும் நாய்ஸையும் நம்பாதே என்று அர்த்தம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பொருள் படம் எடுப்பவர்கள் அந்தக் குறியைச் சொடுக்கி நெருக்கத்தில் பார்த்தே தீர வேண்டும். தோலின் ரேகை ஃபிட்டில் மழுங்கியும் உண்மையில் முரடாகவும் இருக்கும். ஃபில் என்ற தேர்வு ஓரங்களை வெட்டிக் காட்டும், அதை ஃபிட் என்று நினைத்துக் கிராப் சரிபார்க்காதீர்கள்.

கிம்ப் நடுவில் நிற்கிறது. ஷிஃப்ட் கண்ட்ரோல் ஜே ஃபிட், வெறும் 1 விசை 100. படச் சட்டகத்தின் மேல் வலது மூலையில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி வைத்தால் ஜன்னல் அளவு மாறும்போது படமும் கூடவே மாறும். கேட்ட வசதி இருக்கிறது, வைத்த இடம்தான் யாருக்கும் தெரியாது. வியூ மெனுவில் டாட் ஃபார் டாட் டிக் போயிருந்தால் 100 என்பது பிக்சல் கணக்கிலிருந்து அச்சு அளவுக் கணக்குக்குத் தாவிவிடும். 300 டிபிஐ படம் திடீரென்று சின்னதாகத் தெரிந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

டார்க்டேபிளின் எடிட்டிங் பக்கமான டார்க்ரூமில் மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினால் ஃபிட்டிலிருந்து 100-க்குப் போகும், சொடுக்கிய இடத்திலேயே. கிருட்டாவில் 1, 2, 3 விசைகள் முறையே 100, முழுப்பக்கம், பக்க அகலம். எளிமையில் அதுவே முதல்.

எதை வைத்திருந்தாலும் அச்சு அளவை ஃபிட்டில் கணிக்க முடியாது. ஃபோட்டோஷாப் பிரெஃபரன்ஸில் யூனிட்ஸ் பக்கம் திறந்து, ஸ்கிரீன் ரெசல்யூஷன் 72 என்றிருப்பதை உங்கள் மானிட்டரில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சலோ அந்த எண்ணுக்கு மாற்றுங்கள். 24 அங்குல 1920×1080 என்றால் 92, அதே 1920×1080 உள்ள 15.6 அங்குல லேப்டாப் என்றால் 141. பிறகு வியூ மெனுவில் பிரிண்ட் சைஸ் அழுத்தி, திரைமேல் ஸ்கேலை வைத்துப் பாஸ்போர்ட் படத்தை அளந்து பாருங்கள். 35 மில்லிமீட்டர் வரவில்லை என்றால், போட்ட எண்ணும் படத்தின் 300 டிபிஐ-யும் சரிதானா என்று பாருங்கள்; சரியென்றால் மானிட்டர் அதன் சொந்த ரெசல்யூஷனில் ஓடாமல் இருக்கலாம். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப அளக்கவும்.