ரிமினியில் குடை, போண்டையில் கொடி

இத்தாலியின் ரிமினியில் கடற்கரை மணலுக்கும் வாடகை. கரை நெடுக ‘பான்யோ’ எனப்படும் குளியல் நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 1843-இல் தொடங்கிய பழக்கம். ஒரு குடை, இரண்டு சாய்வுப் படுக்கை எடுத்தால் அன்றைக்கு அதுதான் நம் வீடு. வருஷா வருஷம் அதே வரிசை, அதே குடை என்று வரும் குடும்பங்கள் உண்டு. பக்கத்துக் குடைக்காரர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. மதியம் சாப்பிட்ட பிள்ளைகளை இரண்டு மணி நேரத்துக்குத் தண்ணீரில் இறங்க விடுவதில்லை, செரிக்க வேண்டுமாம். எனக்கு என் பாட்டி ஞாபகம்.

சிட்னியின் போண்டையில் காசு கிடையாது. துண்டை விரித்த இடம் நம்முடையது. கட்டுப்பாடு பெரும்பாலும் கடலுக்குள்தான். சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். சற்று விலகினேன், விசில் பறந்தது. கோபப்பட முடியாது. உள்ளிழுக்கும் நீரோட்டம் பொல்லாதது. 1938 பிப்ரவரி 6 அன்று சுமார் 250 பேரை இழுத்து, 5 பேரைக் கொன்றது. வாரக்கடைசியில் கொடி அருகே நிற்கும் சிவப்பு-மஞ்சள் தொப்பிக்காரர்கள் சம்பளமில்லாத உயிர்காக்கும் தொண்டர்கள்.

ரிமினியில் குடைக்குப் பின்னாலேயே மதுக்கூடம். போண்டை மணலில் மதுவுக்குத் தடை. படுத்துக் கிடக்க ரிமினி, அலைக்குப் போண்டை. நான் படுக்கிற ரகம்.