ராணுவ உபரி 1911 கைத்துப்பாக்கி: பெட்டியை நம்பி ஏமாந்த கதை

அமெரிக்க ராணுவத்தின் உபரிக் கைத்துப்பாக்கி என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றைச் சென்ற ஆண்டு 2,650 டாலர் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். நான் ஒஹாயோவில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன்; குடியுரிமை பெற்ற பிறகு இங்குள்ள சுடுதல் மன்றம் ஒன்றில் சேர்ந்தேன். அதே மன்றத்துக்கு வரும் தமிழ் நண்பர்கள் இருவர் இப்போது இதே வகைத் துப்பாக்கியை இணைய ஏலங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததால், நடந்ததை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட, ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 அங்குலக் கைத்துப்பாக்கி, 1985இல் பெரெட்டா நிறுவனத்தின் துப்பாக்கி வரும்வரை அந்த நாட்டின் முதன்மைப் படைக் கைத்துப்பாக்கியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, இதைச் செய்துவந்த கோல்ட் நிறுவனத்தால் மட்டும் தேவையை ஈடுகட்ட முடியாமல், தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்ட், ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் போன்றவையும் இதைச் செய்தன. சிங்கர் நிறுவனமும் 500 துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. ஊரில் அம்மா மிதித்த தையல் மிஷினின் பெயரைத் தாங்கிய துப்பாக்கி ஒன்று உலகில் உண்டு என்று அறிந்த நாளில்தான் எனக்கு இந்த ஆர்வம் பிறந்தது. சிங்கர் நமக்கு எட்டாத விலை. ரெமிங்டன் ராண்ட் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முறையான வழி ஒன்று இருக்கிறது. ராணுவக் கிடங்கில் இருந்த இந்தத் துப்பாக்கிகளை, ஆண்டுக்கு 10,000க்கு மிகாமல், சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பின் வழியாகப் பொதுமக்களுக்கு விற்க அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதித்தது. சி.எம்.பி. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் அந்த அமைப்பு 2018 செப்டம்பரில் முதல் சுற்று விண்ணப்பங்களை அஞ்சலில் பெற்றுக்கொண்டு, குலுக்கல் முறையில் வரிசை எண் கொடுத்தது. துப்பாக்கியின் நிலையைப் பொறுத்து அப்போதைய விலை: நல்ல நிலையில் உள்ள சர்வீஸ் தரம் 1,050 டாலர், அதற்கு அடுத்த ஃபீல்டு தரம் 950, கடைசியான ரேக் தரம் 850. கிரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். பின்னணிச் சோதனையைச் சி.எம்.பி. ஒரு முறையும், துப்பாக்கியை நம் கையில் கொடுக்கும் உரிமம் பெற்ற வியாபாரி இன்னொரு முறையும் செய்வார்கள். எனக்குக் கிடைத்த வரிசை எண் மிகவும் பின்னால் இருந்தது. பொறுத்திருந்து அடுத்த சுற்றுகளில் விண்ணப்பித்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு இல்லாமல் போனதே எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

இணைய ஏலம் ஒன்றில், "சி.எம்.பி. சர்வீஸ் தரம், ரெமிங்டன் ராண்ட் 1943, எல்லாப் பாகங்களும் அசல்" என்ற விளம்பரத்தைக் கண்டேன். துப்பாக்கியின் படங்களோடு, சி.எம்.பி.யின் பிளாஸ்டிக் பெட்டியும், விற்பனைச் சீட்டும் படத்தில் இருந்தன. சீட்டில் தொடர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மையால் மறைக்கப்பட்டிருந்தன. துப்பாக்கியின் படத்திலும் அதே நான்கு இலக்கங்களின் மேல் ஒரு துண்டுக் காகிதம். சேகரிப்பாளர்கள் பொது இடத்தில் முழு எண்ணைக் காட்டுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம் என்பதால் எனக்கு இது உறுத்தவில்லை. தெரிந்த முதல் மூன்று இலக்கங்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினால் விலையில் ஐம்பது டாலர் குறைப்பதாக விற்றவர் சொன்னார், அப்படியே அனுப்பினேன்.

துப்பாக்கி எங்கள் ஊர் வியாபாரியிடம் வந்து சேர்ந்தது. அவர் உலோகத்தில் உள்ள தொடர் எண்ணைத் தம் பதிவேட்டில் எழுதினார், படிவத்தை நிரப்பச் சொன்னார், சோதனை முடிந்ததும் கையில் கொடுத்தார். அவருடைய வேலை அவ்வளவுதான். அது அசலா, வேறு துப்பாக்கிகளின் பாகங்கள் கலந்ததா என்று சொல்வது அவர் பொறுப்பு அல்ல. நானோ, வியாபாரி ஒருவர் பார்த்துக் கொடுத்துவிட்டார் என்று மனத்தில் ஒரு நிம்மதியை ஏற்படுத்திக்கொண்டேன். அந்த விற்பனையின் நிபந்தனைப்படி, சுடாமல் வைத்திருந்து மூன்று நாட்களுக்குள் சொன்னால் திருப்பி அனுப்பலாம். அந்த மூன்று நாட்களில் நான் செய்தது, பெட்டியைத் திறந்து பார்த்து மகிழ்ந்தது மட்டுமே. நான்காம் நாள் மன்றத்துக்கு எடுத்துச் சென்று சுட்டும் விட்டேன்.

ஐந்து வாரங்கள் கழித்துத் துப்பாக்கிக் கண்காட்சி ஒன்றில், இந்த வகைத் துப்பாக்கிகளைப் படையில் இருந்தபோதே பழுதுபார்த்துப் பழகிய முதியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் மேலே பொறித்திருந்த எழுத்துகள் எதையும் முதலில் படிக்கவில்லை. துப்பாக்கியைக் கவிழ்த்து, குழலுக்குக் கீழே ஃபிரேம் (துப்பாக்கியின் அடிச்சட்டம்) நீண்டு செல்லும் அடிப்பகுதியில் சிறிய விளக்கைச் சாய்வாகப் பிடித்தார். நேராகப் பார்த்தபோது ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்த இடத்தில், விரல் நகம் அகலத்துக்கு ஒரு மெல்லிய பள்ளமும், அதற்குள் சற்றே கருத்த ஒரு பட்டையும் தெரிந்தன. இறக்குமதியாளரின் முத்திரையைப் பற்றவைப்பால் நிரப்பி, தேய்த்து, மேலே புதிதாகப் பார்க்கரைசிங் என்ற சாம்பல் நிறத் துருத்தடுப்புப் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள் என்றார். பற்றவைத்த உலோகம் பழைய எஃகைப் போல அந்தப் பூச்சை வாங்காது. அதனால்தான் நிறம் மாறித் தெரிகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், அமெரிக்காவுக்குள் விற்பனைக்காகக் கொண்டுவரப்படும் துப்பாக்கிகளில் இறக்குமதியாளரின் அடையாளம் பொறிக்கப்பட வேண்டும் என்று 1968ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ராணுவக் கிடங்கிலிருந்து நேராகச் சி.எம்.பி.க்கு வந்த துப்பாக்கியில் அப்படி ஒரு முத்திரைக்கே வேலை இல்லை. ஆகவே என் கையில் இருந்தது, வேறு ஏதோ நாட்டுக்குப் போய்த் திரும்பிய துப்பாக்கி. குழலை மூடி, சுடும்போது பின்னோக்கி நகரும் மேல்பாகமான ஸ்லைடின் எண்ணையும் அவர் காட்டினார்: 7790314. அது போருக்குப் பிந்தைய மாற்று ஸ்லைடின் பாக எண். 1943இன் அசல் என்று விற்கப்பட்டதில் அது எப்படி வந்தது என்று நான் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பிறகு சீட்டைக் கேட்டார். என்னிடம் வந்த தாளிலும் அந்த நான்கு இலக்கங்கள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டே இருந்தன. முந்தைய உரிமையாளரின் அந்தரங்கத்துக்காக என்று விற்றவர் குறிப்பு வைத்திருந்தார். முதியவர் தாளை விளக்கின் முன்னால் தூக்கிப் பிடித்தார். மைக்கு அடியில் அச்செழுத்து தெரிந்தது. நான்கில் மூன்று இலக்கங்கள் என் துப்பாக்கியோடு பொருந்தவில்லை. பெட்டியும் சீட்டும் உண்மையானவை. அவை வேறொரு துப்பாக்கிக்கு உரியவை. தான் 1,100 டாலருக்கு மேல் இதற்குக் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னபோது, அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

விற்றவருக்கு எழுதினேன். மூன்று நாள் முடிந்துவிட்டது, சுட்டும் விட்டீர்கள், நானும் இப்படித்தான் வாங்கினேன் என்ற பதிலோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். வங்கிப் பரிமாற்றத்தைத் திரும்பப் பெற வழியில்லை. தபால் நிலையத்தின் மணி ஆர்டரில் அனுப்பியிருந்தால் அஞ்சல் மோசடியாகப் புகார் கொடுக்க ஒரு பிடியாவது இருந்திருக்கும். ஏலத் தளத்திலும், மாநில நுகர்வோர் பிரிவிலும் புகார் பதிந்திருக்கிறேன்; இதுவரை பணம் வரவில்லை.

நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பணம் அனுப்பும் முன்பே, தனி அஞ்சலிலாவது, உலோகத்தில் உள்ள முழு எண்ணையும் சீட்டில் உள்ள முழு எண்ணையும் ஒரே படத்தில் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஃபிரேமின் அடிப்பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படமும், ஸ்லைடைக் கழற்றிக் குழலின் குறிகளைக் காட்டும் படமும் கேளுங்கள். ரெமிங்டன் ராண்டின் குழல்கள் பெரும்பாலும் ஹை ஸ்டாண்டர்டு, ஃபிளானரி நிறுவனங்களில் செய்யப்பட்டவை. குழலின் அடியில் துருத்தி நிற்கும் காது போன்ற பகுதியில் எச்.எஸ். அல்லது எஃப் என்ற குறி இருக்கும். சி.எம்.பி. என்ற பெயரோடு "எல்லாம் அசல்" என்ற சொல் சேர்ந்து வந்தால் அங்கேயே நில்லுங்கள். போருக்குப் பிறகு அகஸ்டா, ராக் ஐலண்டு போன்ற படைக்கலச் சாலைகளில் இந்தத் துப்பாக்கிகளைப் பிரித்து, கைக்குக் கிடைத்த பாகங்களைப் போட்டுப் பூட்டினார்கள். பாகங்கள் கலந்தே இருக்கும் என்பதைச் சி.எம்.பி.யும் மறைப்பதில்லை. கலந்தது குறை அல்ல, கலந்ததை அசல் என்று விற்பதுதான் ஏமாற்று. துப்பாக்கி வந்து சேர்ந்த அன்றே தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை ஒரு தோட்டாவும் சுட வேண்டாம்.

அந்தப் பெட்டியையும் சீட்டையும் நான் தூக்கி எறியவில்லை. அந்த எண்ணுக்கு உரிய உண்மையான துப்பாக்கி எங்கோ ஒருவரிடம் தன் சீட்டு இல்லாமல் இருக்கிறது. அவர் கண்ணில் இது பட்டால், தம் எண்ணைச் சொல்லட்டும். என் செலவிலேயே அனுப்பி வைக்கிறேன்.