அநுராதபுரமா, சிகிரியாவா? பழைய நீர்வழிகளை நடந்து பார்க்கப் போகிறவர்களுக்கு

வன்னியிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில், மண்ணுக்கடியில் கல்லால் நீர்வழி அமைத்த பழைய நகரங்கள் இரண்டு இருக்கின்றன. சிகிரியாவில் நீரூற்றுகள் உள்ள பூங்கா இருக்கிறது. அநுராதபுரத்தில் குளங்களும் கல் தடாகங்களும் அவற்றை இணைக்கும் வாய்க்கால்களும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் அடக்க முடியாது; ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும். பாடசாலை விடுமுறையில் எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. பிள்ளைகள் சிகிரியா என்றார்கள். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் அடம்பனில் வயல் செய்யும் மாமா அநுராதபுரம் என்றார். சிகிரியாவை நான் முன்பே பார்த்திருந்ததால் மாமாவின் பக்கம் சேர்ந்துகொண்டேன். இன்று யாராவது என்னிடம் கேட்டாலும், நீர்வழிகளைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் அநுராதபுரத்துக்கே போகச் சொல்வேன்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்குப் புகையிரதமும் உண்டு, பஸ்ஸும் உண்டு. மதவாச்சியும் றம்பாவையும் தாண்டினால் வந்துவிடும். சிகிரியாவுக்குத் தம்புள்ளை வரை போய் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். இலங்கையருக்குச் சிகிரியா டிக்கெட் பெரிய செலவில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினரை அழைத்துப் போனால் மட்டும் பணப்பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு டொலரில்தான் கணக்கு.

சிகிரியாவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் குன்றின் மேற்கே அமைத்த நீர்ப்பூங்கா, உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய திட்டமிட்ட பூங்காக்களில் ஒன்று. நடுவே நேரான பாதை. அதன் இரு மருங்கிலும் நீண்ட தடாகங்கள், அவற்றை ஒட்டி வளைந்து செல்லும் ஆழமற்ற கல் ஓடைகள். ஓடைகளின் அருகே வட்டமான சுண்ணாம்புக் கல் தட்டுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தட்டிலும் ஒழுங்கான வரிசையில் துளைகள். குனிந்து பார்த்தால் துளைகளின் விளிம்பு தேய்ந்திருப்பது தெரியும். நிலம் குன்றின் பக்கம் உயர்ந்து மேற்கே சரிகிறது. மேட்டில் தேங்கும் நீர் நிலத்தடிக் கற்குழாய் வழியே இறங்கி வரும்போது அழுத்தம் சேர்கிறது. அந்த அழுத்தமே தட்டின் துளைகள் வழியே நீரை மேலே தள்ளுகிறது. பம்பு கிடையாது, சக்கரம் கிடையாது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நல்ல மழை பெய்தால் இந்த ஊற்றுகள் எழுகின்றன.

அந்த ‘நல்ல மழை’யில்தான் சிக்கல். நான் போனது கோடையில். தட்டுகளைப் பார்த்தேன், துளைகளைப் பார்த்தேன், ஊற்று எழுவதைப் பார்க்கவில்லை. ஆகவே மாரிகாலச் சிகிரியாவைப் பற்றி என் தீர்ப்பு அரைத் தீர்ப்புத்தான். மாரியில் போனவர்கள் வேறு விதமாகச் சொன்னால் அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மழை பெய்தாலும் மாறாத ஒன்று இருக்கிறது. தட்டின் மேல் எழும் நீரைத்தான் அங்கே காண முடியும். அது வந்த வழி மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. பூங்காவின் ஒரு பாதி இன்னும் தோண்டப்படாமல் பிற்காலத்து ஆய்வுக்காக விடப்பட்டிருக்கிறது. தொல்பொருள் வேலையில் அது சரியான முடிவு. நடந்து பார்க்க வந்தவருக்கு மட்டும் கதை பாதியில் நின்றுவிடுகிறது. போதாததற்குக் குன்று வேறு. நுழைந்த கணத்திலிருந்து எல்லார் கண்ணும் அதன் மேல்தான். வெயில் ஏறுமுன் படிகளை ஏறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நீர்ப்பூங்காவைக் கடந்துபோகிறோம். இறங்கி வரும்போது கால்கள் வீட்டைத்தான் நினைக்கின்றன.

என்னைப் பொறுத்தவரை தெரிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்பதைக் காலால் தொடர்ந்து பார்க்க முடிகிறதா? குளத்துத் துருசையும் (மதகு) வாய்க்காலையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது சின்ன விஷயமல்ல. குளத்தைக் காட்டி வயலைக் காட்டாவிட்டாலும், வயலைக் காட்டிக் குளத்தைக் காட்டாவிட்டாலும் நம்மவர்களுக்கு மனம் நிறையாது. அநுராதபுரத்தில் இரண்டையும் பார்க்கலாம்.

தென்கோடியில் இசுறுமுனி விகாரையிலிருந்து தொடங்குங்கள். அதற்குப் பக்கத்திலேயே திஸ்ஸ வாவியின் அணைக்கட்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட தேவநம்பிய தீசன் கட்டியதாகச் சொல்லப்படும் குளம் இது. இன்றும் நீர் தேக்கிப் பாசனம் செய்கிறது. கட்டின் மேல் நின்றால் ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறுபக்கம் தாழ்வில் ரன்மசு உயன என்ற அரச பூங்கா. கட்டிலிருந்து இறங்கிப் பூங்காவுக்குள் நடந்தால், குளத்து நீர் கல் வழியே கீழ்த் தடாகங்களுக்கு வந்த முறை கண்முன் விரிகிறது. மேலே குளம், கீழே தடாகம். உயர வேறுபாடுதான் முழு இயந்திரமும். தடாகத்தை ஒட்டிய பாறையில் யானைகளைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். தும்பிக்கையைத் தாழ்த்தித் தாமரைகளுக்கிடையே குளிக்கும் யானைகள். அவற்றின் கால்கள் நீர்மட்டம் வரை இறங்கியிருப்பதால், தடாகம் நிறைந்திருக்கும்போது அவை உண்மையிலேயே தண்ணீரில் நிற்பதுபோல் தோன்றும். அரசகுலத்தார் குளித்த நீர் வீணாகவில்லை. தடாகங்களைக் கடந்த நீரை இசுறுமுனியை அடுத்த வயல்களுக்கு விட்டிருக்கிறார்கள். மாமா யானைகளை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நீர் வெளியேறும் கல்லருகே குந்தியிருந்து, “அலங்காரத்துக்கு விட்ட தண்ணீரிலும் நெல் விளைத்திருக்கிறார்கள், தம்பி” என்றார்.

திஸ்ஸ வாவிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் பெரிய கதை. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவாவியிலிருந்து ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமான ஜய கங்கை என்ற வாய்க்கால் வழியே வருகிறது. யோத எல என்றும் சொல்வார்கள். அதன் முதல் 17 மைல்களில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம். நம் வயல் வாய்க்காலில் இப்படி ஒரு சரிவை வைத்துப் பாருங்கள். ஒரு புல்லுக் கற்றை விழுந்தாலே நீர் தயங்கி நின்றுவிடும். இதற்குக் கரை ஒரு பக்கம் மட்டுமே என்பது அதைவிட வியப்பு. மறுபக்கம் இயற்கையாக உயரும் நிலம். வழியில் மேட்டிலிருந்து வடியும் மழைநீரெல்லாம் தானாக வந்து சேர்கிறது. பள்ளம் வரும் இடத்தில் நீர் விரிந்து சிறு குளமாக நின்று, பிறகு மேலே போகிறது. தூர்ந்து கிடந்த இந்த ஏற்பாட்டை 1880களில் பிரித்தானிய அரசு திருத்தியது. இன்று மகாவலி நீரும் கலாவாவிக்கு வருகிறது. இதை முழுவதும் நடந்து பார்ப்பது ஒருநாள் வேலையல்ல. திஸ்ஸ வாவியில் வந்து சேரும் இடத்தைப் பார்த்தால் போதும்.

மன்னார்ப் பக்கத்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அநுராதபுரத்தை ஒட்டி ஓடும் மல்வத்து ஓயாதான் கீழே வந்து நம் அருவியாறு ஆகிறது. தேக்கம் அணையில் மறிக்கப்பட்டு அந்த நீர்தான் கட்டுக்கரைக் குளத்துக்குப் போகிறது. கலா ஓயாப் படுகையிலிருந்து ஜய கங்கை கொண்டுவந்த நீரில் மிஞ்சி வடிவதும் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. ஆற்றின் கடைக்கோடியில் வயல் செய்கிறவர் மேலே போய் அதன் தலைமாட்டைப் பார்க்கும் அனுபவம் சிகிரியாவில் கிடைக்காது.

அடுத்து வடக்கே, பிக்குகள் வாழ்ந்த அபயகிரி விகாரைப் பகுதி. நிலத்தடி நீர்வழியைக் கிட்ட நின்று புரிந்துகொள்ள இலங்கையில் இரட்டைத் தடாகத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சிங்களத்தில் குட்டம் பொக்குண. வடக்குத் தடாகம் ஏறத்தாழ 28 மீற்றர் நீளம், தெற்குத் தடாகம் 40 மீற்றர். இருபுறமும் படிகள், அவற்றின் தலைப்பில் பூரண கும்பங்கள். பெரும்பாலானோர் படிகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் சிறிய தடாகத்தின் ஓரத்துக்குப் போங்கள். அங்கே ஐந்து தலை நாகம் செதுக்கிய கல் இருக்கிறது. அதன் அருகே, தடாகத்துக்கு வெளியே, கல் பாவிய சிறு தொட்டிகள். நிலத்தடி வழியாக வந்த நீர் நேரே தடாகத்தில் விழவில்லை. முதலில் தொட்டியில் விழுந்து வேகம் அடங்கும். மணலும் சேறும் அடியில் படியும். மேலே தெளிந்த நீர் மட்டும் விளிம்பைத் தாண்டி நகரும். அதன் பிறகே மகர வாய் வழியாகத் தடாகத்தில் இறங்கும். தொட்டியில் படிந்த சேற்றை அள்ளினால் போதும், தடாகத்தை அடிக்கடி இறைக்க வேண்டியதில்லை. சிறியதிலிருந்து பெரியதற்கு நிலத்தடிக் குழாய். இப்படித் தெளிந்த நீரே பெரியதற்கும் போகிறது. பிக்குகள் குளிப்பதற்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். குளத்து நீரையே குடித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். என் மகன் தொட்டியின் விளிம்பில் விரலை வைத்து நீர் போகும் திசையைத் தானே கண்டுபிடித்துத் தங்கைக்கு விளக்கினான். சிகிரியாத் தட்டின் முன் நின்று நான் எவ்வளவு விளக்கினாலும் இது நடந்திருக்காது.

லங்காராமயத்துக்கு அருகே யானைத் தடாகம் இருக்கிறது. பெயர்தான் தடாகம், 159 மீற்றர் நீளமும் 52 மீற்றருக்கு மேல் அகலமும் கொண்டது, ஒரு சிறு குளமே. பெரியங்குளத்திலிருந்து நிலத்தடி வாய்க்கால் வழியாக இதற்கு நீர் வந்தது. 1982இல் பெருமழை பெய்தபோது அந்தப் பழைய வாயில்கள் வழியே நீர் உள்ளே பாய்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் திருத்தி ஓடவைக்கவில்லை, தானாகவே ஓடியது. சுவரில் அந்தக் கல் வாயில்களைத் தேடிப் பார்க்கத் தவறாதீர்கள்.

அநுராதபுரத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். பரப்பு பெரிது. இசுறுமுனியிலிருந்து அபயகிரி வரை சில கிலோமீற்றர்; அதில் நிழல் இல்லாத துண்டுகளும் உண்டு. வயதானவர்கள் கூட வந்தால் நடுத் துண்டுக்கு ஓட்டோ பிடியுங்கள், அல்லது சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். திஸ்ஸ வாவிக் கட்டும், பசவக்குளம் என்ற இன்னொரு பழைய குளத்தின் கட்டும் மட்டும் கட்டாயம் நடந்தே பார்க்க வேண்டியவை. வழிபாட்டிடங்கள் நிறைந்த ஊர். காலணியைக் கழற்றி வெயிலில் காய்ந்த கல்லில் நடக்க நேரும். முழங்கால் மறைக்கும் உடை உடுத்துங்கள். விளக்கப் பலகைகளில் நீர்வழி பற்றி அதிகம் எழுதியிருப்பதில்லை. விகாரைகளின் வரலாறுதான் பெரிதாக இருக்கும். நீர் வரும் வழியை நீங்களாகத் தேட வேண்டும். தேடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். எல்லாருக்கும் அப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பொலநறுவையைச் சிலர் மூன்றாவதாகச் சொல்வார்கள். பராக்கிரமபாகுவின் குமார பொக்குணையில் நிலத்தடிக் குழாய் வழியே வந்த நீர் முதலை வாய்களில் கொட்டியது. எட்டு இதழ்த் தாமரையாக அடுக்கடுக்காய் இறங்கும் தாமரைத் தடாகம் கல்வேலையில் ஒரு தனி அழகு. சோழர் கட்டிய சிவன் கோயிலும் அங்கே இருக்கிறது. நான் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. நம் பக்கத்திலிருந்து ஒருநாள் பயணமாகப் போனால் பெரும்பகுதி பஸ்ஸிலேயே கழியும். இரவு தங்க வசதி இருந்தால் யோசிக்கலாம்.

சிகிரியா யாருக்குப் பொருந்தும்? குன்றேற வலுவுள்ள இளைஞர்களுக்கு. கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு உடனே புறப்படக்கூடியவர்களுக்கு. ஊற்று எழும் காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு. அந்த ஆசை எனக்கும் இருக்கிறது. சிறு பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிற குடும்பத்துக்கும், குளமும் வயலும் தெரிந்தவர்களுக்கும் அநுராதபுரம். தை மாதம் நல்ல காலம். மாரி ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது, காலபோக அறுவடை தொடங்குமுன் வயல்காரருக்கும் ஒருநாள் கிடைக்கும். நீரின் அடியில் இருக்கும் கல்வேலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் ஆவணி வரை பொறுத்திருங்கள். அப்போது தடாகங்களில் நீர் இறங்கியிருக்கும்.